நகையை எடுத்து உள்ளே வையுங்கள் அக்கா

தங்கச்சிமடத்திலிருந்து ஓர் அக்கா எழுதியிருக்கிறார். வீட்டுக்காரர் விசைப்படகில் டிரைவர். மகன் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்திருக்கிறான். சென்னையில் இருக்கும் சித்தப்பா, "ஏஐ படித்தால்தான் இனி வேலை, மேனேஜ்மென்ட் கோட்டாவில் சீட் பேசிவிட்டேன்" என்று தினமும் போன் போடுகிறாராம். அட்வான்ஸுக்கு நகை, மீதிக்கு வீட்டுப் பத்திரம். பையன் வாயைத் திறப்பதில்லை. பாம்பனில் ஒரு செல்போன் கடையிலேயே கிடக்கிறான். "இவனை எப்படிச் சரிபண்ணுவது?" என்பது அக்காவின் கேள்வி.

பதறாதீர்கள் அக்கா. ரிசல்ட் வந்த எல்லா வீட்டிலும் இதே பேச்சுதான் ஓடுகிறது. ஆறுதல் இவ்வளவு போதும். அந்த சீட் வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

முதலில் காசு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகு கரையில் நிற்கும்போதுதான் காலேஜ்காரர்கள் அட்வான்ஸ் கேட்கிறார்கள். இது நான்கு வருஷமும் நடக்கும். வட்டிக்குத் தடைக்காலம் கிடையாது. உங்கள் பையன் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில்தான் படித்திருக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் பொறியியல் கலந்தாய்வில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு அவனுக்கு உண்டு. 2021-இல் வந்த ஏற்பாடு இது. அதில் சீட் கிடைத்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசு கட்டுகிறது. தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் தனி. மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் அந்தக் கட்டணச் சலுகை கிடையாது. இலவசமாகக் கிடைக்கக்கூடிய படிப்பை விட்டுவிட்டு வீட்டை அடகு வைக்கச் சொல்கிற யோசனையை யார் சொன்னாலும் நான் ஏற்கமாட்டேன்.

அடுத்தது பையன். குறையாகத்தான் நீங்கள் அந்த வரியை எழுதியிருக்கிறீர்கள்: படகில் அப்பாவின் போனுக்குச் சார்ஜ் ஏறவில்லை என்றதும் இவன் ஒரு யூஎஸ்பி மீட்டர் வாங்கிவந்து அளந்தானாம். அடாப்டரில் 5 வோல்ட் வருகிறது, போன் முனையில் 4.3-தான் இருக்கிறது என்று கண்டுபிடித்து, வயரை வெட்டி உள்ளே பச்சை பூத்திருந்ததைக் காட்டினானாம். அக்கா, உப்புக்காற்றில் வயர் அரிப்பது ஊருக்கே தெரியும். அளந்து பார்த்து, எந்த இடத்தில் எவ்வளவு குறைகிறது என்று சொல்வதற்குத் தனி புத்தி வேண்டும். அந்தப் புத்திக்கு என்றே ஒரு வேலை இருக்கிறது: கருவிகளுக்குள் இருக்கும் சின்னக் கணினிகளில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தை ஓடவைக்கும் எம்பெடட் லினக்ஸ் வேலை. சித்தப்பாவின் பட்டியலில் அது இல்லை.

போனில் கேபிளைச் செருகியதும் சார்ஜ் படம் திரையில் வருகிறதே, அது யார் செய்கிற வேலை? உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகையில், அதாவது போர்டில், மின்சாரத்தைக் கவனிக்க ஒரு சிப் இருக்கும். வாழைப்பழப் பெயர் கொண்ட பனானா பை, கியூபிபோர்டு மாதிரி சின்னக் கணினிகளில் ஏஎக்ஸ்பி209 என்று ஒன்று வரும். தன் நிலையை அது குறித்துவைக்கும் பதிவேட்டில் யூஎஸ்பிக்கு இரண்டு பிட், அதாவது ஆம்-இல்லை குறி, உண்டு: மின்சாரம் வந்திருக்கிறதா என்று ஒன்று, வந்தது பயன்படுத்தத் தக்கதா என்று இன்னொன்று. உங்கள் பையன் மீட்டரை வைத்துக் கேட்ட அதே இரண்டு கேள்விகள்! லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில், சிப்போடு பேசுவதற்கென்றே டிரைவர் என்ற நிரல் இருக்கிறது. அது இந்தப் பிட்டுகளைப் படித்து மேலே சொல்கிறது.

ஆனால் அப்படி ஒரு சிப் அங்கே இருப்பது கெர்னலுக்கு எப்படித் தெரியும்? மவுஸைச் செருகினால் அது தானே பெயரைச் சொல்லிக்கொள்ளும். போர்டில் சிப்புகள் பேசிக்கொள்ளும் ஐ-ஸ்கொயர்-சி என்ற கம்பியில் தொங்கும் இந்தச் சிப் வாயே திறக்காது. ஆகவே ஒரு மனிதர் உட்கார்ந்து எழுதிக் கொடுக்க வேண்டும்: இன்ன சிப், இந்தக் கம்பியில், ஹெக்ஸா எண்ணில் 34 என்ற முகவரியில் இருக்கிறது, ஏதாவது மாறினால் இன்டரப்ட் என்ற இந்தக் காலில் (பின்னில்) கூப்பிடும் என்று. இந்த விவரக் கோப்புக்கு டிவைஸ் ட்ரீ என்று பெயர். யூஎஸ்பி மின்சாரத்தைக் கவனிக்கும் பகுதிக்குத் தனி முகவரி கிடையாது. அது அந்தச் சிப்பின் உள்ளேயே இருப்பதால், கோப்பில் சிப்புக்குக் கீழே ஒரு உட்பிரிவாக, குழந்தை நோடாக எழுதுவார்கள்.

எழுதுவதில் கவனம் வேண்டும். அதே குடும்பத்துச் சிப்புகளான ஏஎக்ஸ்பி221, 223 இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் 223-இல் யூஎஸ்பியிலிருந்து இழுக்கும் மின்சாரத்தை 100 மில்லிஆம்பியருக்குக் கட்டுப்படுத்தலாம், 221-இல் அந்த வசதி இல்லை. இது மாதிரி சின்ன வித்தியாசங்களுக்காகவே டிவைஸ் ட்ரீயில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். இன்னொரு விதி: கோப்பில் வன்பொருள் எப்படி இருக்கிறது என்பதை மட்டும்தான் சொல்ல வேண்டும், டிரைவர் என்ன செய்ய வேண்டும் என்பதை எழுதக் கூடாது. அதே விவரத்தை, கணினியைக் கிளப்பிவிடும் யூ-பூட் நிரலும் ஃப்ரீபிஎஸ்டி என்ற வேறோர் இயங்குதளமும் படிக்கும் அல்லவா? சிப்பின் டேட்டாஷீட்டை, அதாவது தயாரிப்பாளர் தரும் விவரக் கையேட்டை, வரி வரியாகப் படித்து, மீட்டரில் சரிபார்த்து, பிறகுதான் எழுத முடியும். பொறுமையில்லாத பிள்ளைக்கு இது வேண்டாம் என்றே சொல்வேன்.

லினக்ஸ் ஓடும் புது போர்டு செய்கிற கம்பெனிகளுக்கு இந்த வேலை தெரிந்த ஆள் தேவை. புது போர்டை முதன்முதலில் ஓடவைக்கும் இதை போர்டு பிரிங்-அப் என்பார்கள். மீட்டர் பெட்டி, வண்டிக்குள் இருக்கும் திரை, மருத்துவமனைக் கருவி என்று லினக்ஸ் ஓடும் எல்லாவற்றிலும் இது உண்டு. பெங்களூரு, சென்னை, கோயம்புத்தூரில் எம்பெடட் லினக்ஸ் என்று தேடினால் விளம்பரங்களைப் பார்க்கலாம். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் எம்பெடட் சிஸ்டம்ஸில் முதுநிலை டிப்ளமோ நடத்துகிறது. அதைப் பட்டம் முடித்த பிறகு யோசித்தால் போதும். கெர்னலின் மூலநிரல் முழுக்கத் திறந்தே கிடக்கிறது. பையன் ஒரு சின்னத் திருத்தம் அனுப்பி அது ஏற்கப்பட்டால், அவன் பெயர் அதன் வரலாற்றில் நிற்கும். இன்டர்வியூவில் காட்ட அதைவிட நல்ல சான்றிதழ் எனக்குத் தெரியாது.

படிப்பு என்றால் ஈசிஇ, அதாவது எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன். ராமநாதபுரத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரியே இருக்கிறது. காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் அரசுப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. இரண்டையும் விருப்பப் பட்டியலில் மேலே போடுங்கள். முதல் வருஷத்திலேயே சி மொழியை ஒழுங்காகப் படிக்கட்டும். கூடவே லினக்ஸ் ஓடும் ஒரு சின்ன போர்டு வாங்கிக் கொடுங்கள். நகை விற்கிற செலவில்லை, பழையதே போதும். ஏஎக்ஸ்பி சிப் உள்ள போர்டு கிடைத்தால், பவர் சப்ளை கோப்புறையில் 'ஆன்லைன்' என்ற கோப்பைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். கேபிளைச் செருகினால் 1, பிடுங்கினால் 0.

சித்தப்பாவிடம் என்ன சொல்வது என்று கேட்டீர்கள். பையனிடம் பேசி முடிவு எடுத்துவிட்டோம், கலந்தாய்வில்தான் சேர்க்கிறோம் என்று உங்கள் வீட்டுக்காரரே சொல்லட்டும். விளக்கம் தர வேண்டியதில்லை. ஆனால் அதற்கு முன் பையனிடம் உண்மையிலேயே பேசுங்கள். நான் சொன்னேன் என்பதற்காக இதில் தள்ளினால், சித்தப்பா செய்வதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. இந்தப் பக்கத்தை அவன் படித்துவிட்டு, பிடிக்கவில்லை என்றால் அதுவே பதில். வேறு வழி பார்ப்போம். பிடித்திருந்தால், ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றிதழை இந்த வாரமே பள்ளியில் கேட்டு வாங்கிவிடுங்கள். நடுவில் பள்ளி மாறியிருந்தால் இரண்டு பள்ளியிலும் வாங்க வேண்டும்.