ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளின் நம்பிக்கை: நிலம், உறவுமுறை, சடங்கு – கேள்வி பதில்

கேள்வி (சிட்னி, 12ஆம் வகுப்பு மாணவி): அண்ணா, ட்ரீமிங் (மூதாதை உயிர்கள் நிலத்தையும் சட்டத்தையும் உருவாக்கியது பற்றிய நம்பிக்கை), உறவுமுறை, சடங்கு, நிலத்துக்கான கடமை என்று நான்கையும் தனித்தனிப் பத்தியாக எழுதினேன். தொடர்பு காட்டவில்லை என்று மதிப்பெண் குறைத்துவிட்டார்கள். எப்படிச் சேர்த்து எழுதுவது?

பதில்: ஒரே ஒரு சமூகத்தை எடுத்துக்கொண்டு எழுதும்மா. 1788இல் ஆங்கிலேயர் வந்து இறங்கியபோது அந்தக் கண்டத்தில் சுமார் 250 மொழிகள் இருந்தன. "பூர்வகுடிகள் இப்படி நம்புகிறார்கள்" என்று மொத்தமாகத் தொடங்கினாலே விடை நீர்த்துப்போகும்.

தனாமிப் பாலைவனத்து வால்பிரி மக்களை எடுத்துக்கொள். ட்ரீமிங்கை அவர்கள் மொழியில் ஜுகுர்ப்பா என்பார்கள். மூதாதை உயிர்கள் நடந்த தடத்தில்தான் குன்றும் நீர்ச்சுனையும் தோன்றின. வாழ்வதற்கான சட்டமும் அங்கிருந்தே வந்தது. அந்த ஆற்றல் இன்றும் அந்த இடத்திலேயே இருக்கிறது. ஆகவே இதை இறந்தகாலத்தில் எழுதாதே. பலரும் தவறுவது இங்கேதான்.

அடுத்தது உறவுமுறை. மொத்தம் எட்டுப் பிரிவுகள். ஜபல்ஜாரி பிரிவு ஆணுக்கு நகமாரா பெண்தான் கட்டும் முறை. அவர்கள் பிள்ளைகள் ஆணானால் ஜுங்கராயி, பெண்ணானால் நுங்கராயி. பங்காளி யார், மாமன் மச்சான் யார் என்று பார்த்துப் பழகிய நமக்கு இது எளிதில் பிடிபடும். சடங்கிலும் இந்த முறைதான் வேலை செய்கிறது. ஒரு தலத்தின் ஜுகுர்ப்பாவுக்குத் தந்தைவழியில் உரியவர் கிர்டா, தாய்வழியில் உரியவர் குர்டுங்குர்லு. கிர்டா ஆடுவார். களம் அமைப்பது, உடலில் வண்ணம் தீட்டுவது, பாட்டு வரிசை பிசகாமல் பார்த்துக்கொள்வது எல்லாம் குர்டுங்குர்லுவின் பொறுப்பு. ஒரு தரப்பு இல்லாமல் மற்றது சடங்கை முறைப்படி நடத்த முடியாது. சடங்கு நின்றால் நிலத்துக்குச் செய்யவேண்டிய கடமையும் நிற்கும்.

இப்படி எழுதினால் "திருடப்பட்ட தலைமுறை" பகுதியும் தானாக வந்து சேரும். ஏறத்தாழ 1910 முதல் 1970 வரை அரசும் கிறித்தவ மிஷன்களும் பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்துக் கொண்டுபோயின. அந்தப் பிள்ளைக்குத் தன் பிரிவு தெரியாது, எந்த இடத்துக்கு யாராகப் போய் நிற்பது என்பதும் தெரியாது. குடும்பத்தை இழந்ததோடு சமயத்தையும் இழந்தது.

கேள்வி (சென்னை, சட்ட மாணவர்): மேபோ தீர்ப்போடு நிலம் அவர்களுக்குத் திரும்பிவிட்டது என்று சொல்லலாமா?

பதில்: சொல்லக்கூடாது. 1992 ஜூன் 3 அன்று ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் தந்த அந்தத் தீர்ப்பு, யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்ற கொள்கையைத் தள்ளிவிட்டு, பூர்வகுடி நில உரிமையைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. வழக்குத் தொடுத்தவர்கள் டோரஸ் நீரிணைத் தீவைச் சேர்ந்த மெரியம் மக்கள். கண்டத்தின் பூர்வகுடிகளோடு அவர்களை ஒன்றாக்கி எழுதாதீர்கள். 1993இல் இந்த உரிமைக்கான சட்டம் வந்தது. 1996இல் விக் தீர்ப்பு, மேய்ச்சல் குத்தகை நிலத்திலும் இந்த உரிமை நீடிக்கலாம் என்றது. ஆனால் இரண்டும் மோதினால் குத்தகைக்காரர் உரிமையே மேல்.

சிக்கல் நிரூபிப்பதில் இருக்கிறது. ஆங்கிலேயர் ஆட்சி வந்த நாள் முதல் மரபுச் சட்டமும் வழக்கமும் பெரிய இடைவெளி இல்லாமல் தொடர்ந்ததைக் காட்ட வேண்டும். மர்ரே ஆற்றங்கரை யோர்ட்டா யோர்ட்டா மக்கள் 2002இல் உயர் நீதிமன்றத்திலும் தோற்றது இதில்தான். அடித்து விரட்டப்பட்டவர்களுக்கே நிரூபிப்பது மிகக் கடினம் என்பது பெரிய அநியாயம். வடக்குப் பிரதேசத்துக்கான 1976ஆம் ஆண்டுச் சட்டம் இதைவிட மேல். தலத்தின் மீது ஆன்மிகப் பொறுப்புள்ள வம்சக் குழுவையே அது மரபுவழி உரிமையாளர் என்கிறது. அங்கே நிலத்தில் ஏறத்தாழப் பாதி இன்று பூர்வகுடிகள் கையில் இருக்கிறது.

கேள்வி: நடு ஆஸ்திரேலியாவில் உள்ள உலுரு பாறையில் ஏறத் தடை விதித்தது பாதுகாப்புக்காகத்தானே?

பதில்: அது மட்டுமல்ல. ஏறும் தடம், ட்ரீமிங்கில் வரும் மாலா மூதாதையர் வந்த வழியோடு சேர்ந்தது. அங்கே யாராவது விழுந்து இறந்தால், விருந்தினரைக் காக்கத் தவறியதாக அந்த நிலத்துக்குரிய அனாங்கு மக்கள் வருந்துவார்கள். 1985 அக்டோபர் 26இல் பாறை அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. 2019இல் அதே தேதியில் ஏற்றம் மூடப்பட்டது. அடிவாரத்தைச் சுற்றி நடக்கலாம். படம் எடுக்காதீர்கள் என்ற பலகை உள்ள இடங்களில் கேமராவை உள்ளே வையுங்கள்.

கேள்வி (வென்ட்வொர்த்வில், சிட்னி): தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் "வெல்கம் டு கன்ட்ரி" என்ற நில வரவேற்பை நாங்களே வாசிக்கலாமா?

பதில்: கூடாது. வரவேற்பு அந்த நிலத்தவர் தருவது. உங்கள் பகுதியில் தாருக் மக்கள். நீங்கள் வாசிக்கக்கூடியது "அக்னாலெட்ஜ்மென்ட்", அதாவது இது அவர்கள் நிலம் என்று மரியாதையோடு ஒப்புக்கொள்ளும் வாசகம். இரண்டு மூன்று வாக்கியம் போதும், குத்துவிளக்கு ஏற்றுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். மக்களின் பெயரை கவுன்சிலில் கேட்டு உறுதிசெய்து, உச்சரிப்பையும் பழகிக்கொள்ளுங்கள். "இங்கே வாழ்ந்த" என்று சொல்லாதீர்கள், அவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

வரவேற்பு தர அந்த மக்களின் பெரியவர் ஒருவரையே அழைப்பதானால் சில வாரம் முன்பே கேளுங்கள், உரிய கட்டணம் கொடுங்கள். புகைச் சடங்கு திறந்தவெளியில்தான். பச்சை இலை போட்டால் புகை அடர்த்தியாக எழும், அரங்கத்துக்குள் செய்தால் தீ எச்சரிக்கை மணி அடித்துவிடும்.

கேள்வி: ஆஸ்திரேலியப் பூர்வகுடிகள் தமிழர் வழிவந்தவர்கள் என்று படித்தேன், உண்மையா சார்?

பதில்: ஆதாரம் இல்லை. சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன் இந்தியாவிலிருந்து மரபணுக் கலப்பு நடந்திருக்கலாம் என்று 2013இல் ஓர் ஆய்வு சொன்னது. 2016இல் வந்த, தந்தைவழி மரபைக் காட்டும் ஒய் குரோமோசோம் ஆய்வு அதை ஆதரிக்கவில்லை. நம் பழைய எறிகருவியான வளரியும் அவர்கள் பூமராங்கும் ஒத்திருப்பது உறவுக்குச் சான்றாகாது. அவர்களை நம் கிளையாக்கிப் பெருமைப்படுவதும் அவர்கள் வரலாற்றைப் பறிப்பதுதான்.

கேள்வி: பள்ளிக் கண்காட்சிக்குப் பூர்வகுடிகளின் பழைய புகைப்படங்கள் வைக்கலாமா?

பதில்: படத்தில் இருப்பவர் இறந்தவரா என்று முதலில் பாருங்கள். பல சமூகங்களில் துக்கக் காலம் முடியும்வரை இறந்தவர் பெயரைச் சொல்வதில்லை, படத்தைக் காட்டுவதில்லை. அதே பெயருள்ள உயிரோடிருப்பவரையும் வால்பிரியில் "குமன்ஜாயி" என்ற மாற்றுப் பெயரால்தான் அழைப்பார்கள். குடும்பத்தாரிடம் அனுமதி கேளுங்கள். அனுமதி கிடைத்தாலும் நுழைவாயிலில் எச்சரிக்கைப் பலகை வையுங்கள். சடங்குப் படம் என்றால் வைக்கவே வேண்டாம். ஆண்கள் மட்டுமே, அல்லது பெண்கள் மட்டுமே பார்க்கவேண்டியதாக அது இருக்கலாம். வெளியாளால் அதைக் கண்டுபிடிக்க முடியாது.