சேலஞ்சர் ஒற்றையர் என்றால் என்ன?

ஆண்கள் தொழில்முறை டென்னிஸில் ஏடிபி (தொழில்முறை வீரர்கள் சங்கம்) நடத்தும் முதன்மைத் தொடரான ஏடிபி டூருக்கு ஒரு படி கீழே உள்ளது ஏடிபி சேலஞ்சர். அதில் ஒருவருக்கு ஒருவர் மோதுவது ஒற்றையர் பிரிவு. பெரும்பாலும் பிரதானச் சுற்றில் 32 பேர். ஐந்து ஆட்டங்களைத் தொடர்ந்து வென்றால் கோப்பை. மூன்று செட்களில் இரண்டை எடுப்பவருக்கு வெற்றி.

இப்படி ஒரு நடு அடுக்கு எதற்கு? பெரிய போட்டியில் நேரடியாக நுழையத் தரவரிசை வேண்டும். தரவரிசைக்குப் புள்ளிகள் வேண்டும். புள்ளிகளுக்கோ எங்காவது ஆடி ஜெயிக்க வேண்டும்! வேலைக்கு அனுபவம் கேட்பார்கள், அனுபவத்துக்கு வேலை வேண்டுமே, அதே சிக்கல்தான். அதை அவிழ்க்கும் இடம் சேலஞ்சர். கிராண்ட்ஸ்லாம் எனப்படும் நான்கு மிகப் பெரிய போட்டிகளின் ஒற்றையரில் தலா 128 இடங்கள் இருந்தாலும், தரவரிசைப்படி நேரடியாகக் கிடைப்பவை சுமார் 104தான். அந்த வரம்பைத் தொட முயல்பவர்கள்தான் இங்கே அதிகம். அதனால் முதல் சுற்றே கடுமையாக இருக்கும்.

போட்டியின் பெயரோடு வரும் 50, 75, 100, 125, 175 எல்லாம் சாம்பியனுக்குக் கிடைக்கும் புள்ளிகள். பரிசுத்தொகை என்று நினைத்துவிடாதீர்கள்.

அப்புறம், இது கற்றுக்குட்டிகளின் போட்டி என்று பலர் நினைப்பதும் தவறு: மூன்று கிராண்ட்ஸ்லாம் வென்ற பிரிட்டன் வீரர் ஆண்டி மரே 2023-இல் பிரான்ஸில் ஒரு சேலஞ்சர் பட்டத்தை வென்றார்.