எந்தப் பக்கத்து யன்னல்?

கேள்வி (சுன்னாகம்): சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு முதல்முறை விமானத்தில் வருகிறேன். எந்தப் பக்கம் இருந்தால் நல்லாய்ப் பார்க்கலாம்?

பதில்: வலப்பக்கம், அதாவது எஃப் யன்னல். விமானம் கிட்டத்தட்ட நேர் தெற்காக வருகிறது. தமிழ்நாட்டுக் கரை முழுவதும் மேற்கில், உங்கள் வலக்கைப் பக்கம்தான். புதுச்சேரி, கடலூர், நாகப்பட்டினம் என்று போய்க் கோடியக்கரையில் கரை சட்டென்று மேற்கே மடங்கும். முகில் இல்லாவிட்டால் வேதாரணியத்து உப்பளங்களும் தெரியும். காலை விமானமென்றால் வெயில் இடப்பக்கம் அடிக்கும், உங்களுக்குக் கண் கூசாது.

திரும்பிப் போகும்போது கரை இடப்பக்கத்துக்கு, ஏ யன்னலுக்கு வந்துவிடும். பின்னேரத்தில் வெயிலும் அதே பக்கம்தான். நான் வெயிலைப் பொறுத்துக்கொண்டு கரையைத்தான் பார்ப்பேன்.

இறங்கும் நேரம்தான் கொஞ்சம் அதிர்ஷ்டம். பலாலி ஓடுபாதை வடகிழக்கு, தென்மேற்காகக் கிடக்கிறது. விமானம் காற்றை எதிர்த்து இறங்கும். அதனால் தென்மேற்குக் காற்றடிக்கும் சோளகக் காலத்தில் கடல் பக்கத்தாலும், வடகிழக்குக் காற்றடிக்கும் வாடைக் காலத்தில் ஊர்ப் பக்கத்தாலும் வர வாய்ப்பு அதிகம். ஊர்ப் பக்கத்தால் வந்தால் செம்மண் தோட்டங்களும் வேலிகளும் பனங்கூடல்களும் காலுக்குக் கீழே ஓடும். அந்த ஐந்து நிமிடம் போனைப் பைக்குள் வையுங்கள்.

கேள்வி (நல்லூர்): இறக்கைக்குப் பக்கத்துச் சீட் வேண்டாம் என்கிறார்களே?

பதில்: பெரிய ஜெட்டுக்கு அது சரி. பலாலிக்கு வரும் ஏடிஆர் 72 என்ற புரொப்பெல்லர் விமானத்தில் இறக்கை யன்னலுக்கு மேலே இருக்கிறது, நிலத்தை மறைக்காது. முன்பாதியில் புரொப்பெல்லரும் இயந்திரமும் குறுக்கே நிற்கும், சத்தமும் அங்கேதான் கூட. நடுவில் இருந்தால் இறங்கும்போது சக்கரம் உங்கள் யன்னலுக்குக் கீழேயே மடிப்பு விரிந்து வெளியே வரும். சின்னப் பிள்ளைகளுக்கு அதுவே வேடிக்கை. மற்றவர்கள் பின்வரிசைகளில் கேளுங்கள். பயணிகள் ஏறும் கதவும் பின்னால்தான்.

கேள்வி (மானிப்பாய்): போனில் எடுத்த படத்தில் புரொப்பெல்லர் வாழைப்பழம் போல் வளைந்திருக்கிறது. போன் பழுதா?

பதில்: இல்லை. போன் கமரா படத்தை ஒரேயடியாக அல்ல, வரி வரியாகப் பதிகிறது. ஒரு வரிக்கும் அடுத்ததற்கும் இடையில் தகடு சுற்றிவிடுகிறது.

கேள்வி (கரவெட்டி): கட்டுநாயக்கவிலிருந்து சென்னை போகும் விமானத்தில் எங்கள் ஊர் தெரியுமா?

பதில்: பாதை பெரும்பாலும் வடமேற்குக் கரையை ஒட்டித்தான். இடப்பக்கம் மன்னார்த் தீவும் அதற்கப்பால் இராமர் பாலத்து மணல் திட்டுகளும். பிறகு நெடுந்தீவு, நயினாதீவு. கரவெட்டி கிழக்கே இருப்பதால் உங்களுக்கு வலப்பக்கம்தான் ஆசை கூடும். ஆனால் தீவுகளும் கடலுக்குள் கோடு போட்டது போன்ற தாம்போதிகளும் (கடலுக்குக் குறுக்கே போட்ட தெருக்கள்) இடப்பக்கத்தில். மாரியில் முகில்தான் தெரியும். மாசி, பங்குனி நல்லது.

கேள்வி (கோப்பாய்): லண்டனிலிருந்து ரொறன்ரோ?

பதில்: பகலில் மேற்கே பறக்கும்போது வலப்பக்கம். சூரியன் தெற்கே, இடப்பக்கம் இருக்கும். சில நாட்களில் கிரீன்லாந்தின் பனிமலைகளும் வலப்பக்கம் தெரியும். போலரைஸ்டு கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்காதீர்கள், யன்னல் பிளாஸ்டிக்கில் வானவில் கறை தெரியும்.

கேள்வி (சாவகச்சேரி): காசு கட்டி யன்னல் சீட் எடுத்தும் யன்னல் இல்லை என்றால்?

பதில்: எனக்கும் நடந்தது. ஜெட் விமானங்கள் சிலவற்றில் குளிரூட்டிக் குழாய் போகும் இடத்தில் ஒரு வரிசைக்கு யன்னல் இருக்காது. எனக்குக் கிடைத்தது சாம்பல் நிறச் சுவர். முறையிட்டேன், ‘சீட் யன்னல் பக்கம்தானே’ என்றார்கள். இப்போதெல்லாம் பணம் கட்டுமுன் அந்த விமான வகையின் சீட் வரைபடத்தைத் தேடிப் பார்க்கிறேன்.