ஃபின் எங்கே நிற்கிறது?

அன்புள்ள ஐயா,

திருவான்மியூரில் இருக்கிறேன். இரண்டு வருடமாகக் கோவளத்தில் சர்ஃப் செய்கிறேன். என்னிடம் இருப்பது 9 அடி 2 அங்குல லாங்போர்டு, அடியில் ஒற்றைத் துடுப்பு வைத்த சிங்கிள் ஃபின். வெளிர் நீலம், டெயில் என்கிற பின்முனை சதுரம், பழையதாக 28,000 ரூபாய்க்கு வாங்கினேன். என் எடை 70 கிலோ. மார்ச் மாதச் சின்ன அலையில் இந்தப் போர்டு திரும்பவே மாட்டேன் என்கிறது. ஐப்பசியில் அலை செங்குத்தாக எழும்பினால் பின்பக்கம் வழுக்கிக் கவிழ்த்துவிடுகிறது. இதை விற்றுவிட்டு சின்ன அலை, நடுத்தர அலை, பெரிய அலை என்று மூன்றுக்கும் தனித்தனியாக மூன்று சிங்கிள் ஃபின் போர்டு வாங்கிவிடலாமா? சிங்கிள் ஃபின்னே பழைய சமாச்சாரம் என்கிறான் நண்பன். இன்னொன்று: கரையை ஒட்டி உடையும் அலையில் மாட்டினால் போர்டை விட்டுவிட்டுக் குதித்துவிடுகிறேன். போர்டுக்குச் சேதம் வருமா?

க.

அன்புள்ள க.,

சர்ஃப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் போர்டைப் பற்றியே பேசுகிறார்களே, ஃபின்னை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லையே என்ற ஆதங்கம் எனக்குக் கொஞ்ச நாளாகவே உண்டு. அந்த நேரத்தில்தான் உங்கள் கடிதம் வந்தது. போர்டின் நிறத்தைச் சொல்லியிருக்கிறீர்கள், விலையைச் சொல்லியிருக்கிறீர்கள். ஃபின் எத்தனை அங்குலம், அதைப் பொருத்தும் பாக்ஸில் எந்த இடத்தில் நிற்கிறது என்று ஒரு வார்த்தை இல்லை. இரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட அதைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூவைத் தளர்த்திப் பார்த்திருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். அதைச் செய்யாமல் விற்கக் கிளம்புவது தவறு.

நண்பர் சொல்வதை விடுங்கள். அமெரிக்க சர்ஃபர் டாம் பிளேக் போர்டின் அடியில் முதல் ஃபின்னைப் பொருத்தியது 1935இல். ஆஸ்திரேலியாவின் சைமன் ஆண்டர்சன் மூன்று ஃபின் போர்டில் அங்குள்ள பெல்ஸ் பீச் போட்டியில் ஜெயித்தது 1981இல். அந்த மூன்று ஃபின் வேறு விதமான சர்ஃபிங்குக்கு. நீளமான போர்டில் நிதானமாகச் சறுக்க இன்றைக்கும் ஒற்றை ஃபின் போதும்.

இப்போது உங்கள் போர்டுக்கு வருவோம். அடியில் இருக்கும் பாக்ஸ் ஏறக்குறைய 10 அங்குல நீளமுள்ள பள்ளம். ஃபின்னை அதில் முன்னும் பின்னும் நகர்த்தலாம். பின்னால் தள்ளினால் போர்டு நேராக ஓடும், பிடிப்பு கூடும், திரும்ப அடம்பிடிக்கும். முன்னால் கொண்டுவந்தால் இளகும், காலை அழுத்தியதும் திரும்பும், ஆனால் பிடிப்பு குறையும். கதவை நடுவில் பிடித்துத் தள்ளுவதற்கும் ஓரத்தில் பிடித்துத் தள்ளுவதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது.

மார்ச்சில் திரும்பவில்லை என்றால் ஃபின் அநேகமாக பாக்ஸின் பின்கோடியில் இருக்கிறது. நடுவுக்குக் கொண்டுவாருங்கள். அங்கிருந்து அரை அங்குலம் முன்னால். ஐந்து அலை பிடியுங்கள். போதவில்லையா, இன்னும் கால் அங்குலம். ஒவ்வொரு இடத்தையும் பாக்ஸின் ஓரத்தில் பென்சிலால் கோடிட்டு வையுங்கள், இல்லாவிட்டால் அடுத்த வாரம் எதுவும் நினைவிருக்காது. ஒரே நாளில் இடத்தையும் மாற்றி ஃபின்னையும் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. ஒரு நாளுக்கு ஒரு மாற்றம். இன்னொன்றும் உண்டு: லாங்போர்டை நடுவில் நின்றுகொண்டு திருப்ப முடியாது. ஃபின்னுக்கு மேலே வரும்படி பின்காலை எடுத்து வைத்த பிறகுதான் திருப்ப வேண்டும். போர்டின் முன்முனையான நோஸ் வரை நடக்கும் ஆசை வந்தால் கதை தலைகீழ்: நிமிர்ந்து நிற்கும் அகலமான ஃபின், பின்னால் தள்ளி.

ஐப்பசியில் ஏன் வழுக்குகிறது? செங்குத்தான அலையில் போர்டு ஒருபக்கமாகச் சாய்ந்து ஓடுகிறது. ஒற்றை ஃபின் நடுவில் இருக்கிறது, டெயில் சதுரமாக அகலமாக இருக்கிறது. சாய்ந்ததும் நடுப்பகுதி மேலே தூக்கிக்கொள்ள, ஃபின்னின் பாதி தண்ணீரைவிட்டு வெளியே வந்துவிடுகிறது. பிடிக்க ஒன்றும் இல்லாமல் டெயில் சறுக்கிவிடும். கூர் டெயிலில் ஃபின்னுக்கும் ஓரத்துக்கும் தூரம் குறைவு, அதனால் பிடிப்பு நிற்கிறது. உங்கள் போர்டில் செய்யக்கூடியது, ஃபின்னைப் பின்னால் தள்ளி இன்னும் ஆழமான ஒன்றை மாட்டுவது. போர்டு எத்தனை அடியோ ஃபின் அத்தனை அங்குலம் என்பது பொதுக் கணக்கு. உங்களுக்கு 9 வரும். ஐப்பசிக்கு மட்டும் பின்னோக்கி வளைந்த 9½ அல்லது 10 அங்குலம் வைத்துக்கொள்ளுங்கள். அலையில் நேராகக் கீழே இறங்காமல் சாய்வாகவே டேக்-ஆஃப் எடுங்கள், அதாவது அலையைப் பிடித்து எழுந்து நில்லுங்கள். வாடைக்காற்றில் கலங்கி, தாறுமாறாக உடையும் நாளில் எந்த ஃபின்னும் உதவாது. புயல் எச்சரிக்கை இருந்தால் கடலில் இறங்கவே கூடாது.

மாற்றும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன், பள்ளத்துக்குள் ஸ்க்ரூவைப் பிடித்துக்கொள்ளும் சின்னத் தகட்டை மணலில் தொலைப்பவர்கள்தான் அதிகம். ஸ்க்ரூவைக் கழற்றி ஃபின்னைத் தூக்கியதும், ஸ்க்ரூவை மட்டும் தகட்டில் இரண்டு சுற்று மாட்டி, அதையே கைப்பிடியாகப் பிடித்துத் தகட்டை வேண்டிய இடத்துக்கு நகர்த்துங்கள். பிறகு ஸ்க்ரூவை எடுத்துவிட்டு, ஃபின்னின் பின்முனையில் இருக்கும் ஊசியைப் பள்ளத்தின் நடுத் திறப்பில் இறக்கிப் பின்னால் தள்ளி, முன்பக்கத்தைச் சாய்த்து உட்காரவையுங்கள். ஸ்க்ரூ கையிறுக்கம் போதும், முறுக்கினால் பாக்ஸ் விரிசல் விடும். நம் உப்புக் காற்றுக்கு ஒவ்வொரு தடவையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். துருப்பிடித்து ஒட்டிக்கொண்ட ஸ்க்ரூவைக் கழற்றப்போய் பாக்ஸையே பெயர்த்தவர்கள் உண்டு. உபரியாக ஒரு தகடும் ஸ்க்ரூவும் பையில் இருக்கட்டும்.

மூன்று போர்டு வேண்டாம். ஒரு வருடம் இப்படிப் பழகிய பிறகும் இரண்டாவது தேவைப்பட்டால் 7 அடிக்குக் கொஞ்சம் மேலே, 21 அங்குல அகலம், உருண்டு கூராகும் டெயில், 7 அங்குல ஃபின். தெற்கு அலை நன்றாக வரும் ஆடி, ஆவணிக் காலைகளுக்கு, கடற்காற்று கிளம்பும் முன், அது பொருந்தும்.

கடைசிக் கேள்விதான் எனக்குக் கோபத்தை வரவழைத்தது. போர்டுக்குச் சேதம் வருமா என்கிறீர்கள். கரையோரம் குளிக்கும் பிள்ளைகளை நினைக்கவில்லையா? 9 அடி போர்டு, அதைக் காலோடு கட்டும் லீஷ் கயிறு 9 அடி: விட்டுக் குதித்தால் 18 அடி வரை அது சுழன்று வரும், அடியில் 9 அங்குலக் கத்தி. இனி ஒருமுறைகூட அப்படிச் செய்யாதீர்கள். பெரிய அலைகள் ஓயும்வரை வெளியே காத்திருங்கள். படுத்தபடியே வந்து, இடுப்பளவு தண்ணீரிலேயே இறங்குங்கள். முழங்கால் ஆழத்துக்கு வந்தால் ஃபின் மணலில் குத்தி பாக்ஸும் போகும். இறங்கியபின் போர்டு உங்கள் பக்கவாட்டில், நோஸ் அலையைப் பார்த்து இருக்கட்டும், உங்களுக்கும் அலைக்கும் நடுவில் ஒருபோதும் வேண்டாம். முன்னால் யாராவது குளித்துக்கொண்டிருந்தால் இன்னும் ஐம்பது அடி தள்ளிப் போய்க் கரையேறுங்கள்.

அன்புடன்.