வாசகர் கேள்வி – பதில்: ஒரு பாடல், 31 குறைகள்

விக்கிப்பீடியாவில் பாடல்களைப் பற்றிய கட்டுரைகளைத் திருத்துவது பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதை ஒட்டி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். பல ஆண்டுகள் மெய்ப்புத் திருத்துநராக வேலை பார்த்தவள் நான். கடந்த 11 ஆண்டுகளாக ஆங்கில விக்கிப்பீடியாவில் பாடல் கட்டுரைகளை எழுதுகிறேன், மதிப்பாய்வும் செய்கிறேன்.

கேள்வி: எனக்கு மிகவும் பிடித்த ஒரு பாப் பாடலின் கட்டுரையை இரண்டு மாதம் உட்கார்ந்து விரிவாக்கி, ‘நல்ல கட்டுரை’ தகுதிக்கு (தரத்தைச் சோதித்து விக்கிப்பீடியாவில் தரும் அங்கீகாரம்) முன்மொழிந்தேன். மதிப்பாய்வாளர் 31 குறைகளைப் பட்டியலிட்டு ஏழு நாள் அவகாசம் கொடுத்திருக்கிறார். நாலாவது குறையைப் படித்ததும் கணினியை மூடிவிட்டேன். எங்கிருந்து தொடங்குவது? – கல்லூரி மாணவி ஒருவர்

பதில்: 31 குறைகளை எழுதியவர் உங்கள் கட்டுரையை ஒரு வரி விடாமல் படித்திருக்கிறார். முதலில் அதை மனதில் வையுங்கள். என்னுடைய முதல் கட்டுரைக்கு வந்த மதிப்பாய்வு இரண்டே வரி: நன்றாக இருக்கிறது, தேர்ச்சி. அன்றைக்கு அவ்வளவு சந்தோஷம். ஒன்றரை வருடம் கழித்து வேறொருவர் வந்து ஒரே ஒரு சான்றைத் திறந்து பார்த்தார். பாடல் பத்து நாடுகளில் முதலிடம் பிடித்தது என்று கட்டுரை சொன்னது, சான்றில் இருந்ததோ ஆறு நாடுகள். அந்த வாக்கியம் எனக்கு முன்பே கட்டுரையில் இருந்தது. நான் அதைச் சரிபார்க்காமல் வைத்துக்கொண்டேன். கட்டுரை தகுதியை இழந்தது. அது நியாயம்தான். எனக்கும் அப்படி ஒரு 31 குறைப் பட்டியல் அன்றே வந்திருக்கக் கூடாதா என்று பிறகு பலமுறை நினைத்திருக்கிறேன்.

சரி, வேலைக்கு வருவோம். பட்டியலை மேலிருந்து கீழாகத் திருத்தாதீர்கள். சான்று பற்றியவை, மொழி பற்றியவை, அமைப்பு பற்றியவை என்று மூன்றாகப் பிரித்துக்கொண்டு சான்றில் ஆரம்பியுங்கள். ஏனென்றால் சான்றைத் திறந்து படித்தால் பாதி வாக்கியங்கள் எப்படியும் மாறிவிடும். மொழியை முன்பே செதுக்கி வைத்திருந்தால் அந்த உழைப்பு வீண். கட்டுரையின் முன்னுரைப் பகுதியைக் கடைசியில் தொடுங்கள். உள்ளே இருப்பதன் சுருக்கம்தானே அது, உள்ளே முடிந்த பிறகுதான் அதற்கு வேலை.

பாப் பாடல் கட்டுரைகளில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் தவறு விற்பனை பற்றியது. அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழில் சங்கம் ஒரு பாடலுக்கு பிளாட்டினம் சான்றிதழ் கொடுத்தால், கட்டுரையில் உடனே ‘10 லட்சம் பிரதிகள் விற்றது’ என்று எழுதிவிடுகிறார்கள். சான்றிதழ் சொல்வது 10 லட்சம் ‘அலகுகள்’. 2013 முதல் ஸ்ட்ரீமிங்கில் கேட்பதையும் சேர்த்து எண்ணுகிறார்கள். 2016 முதல் 150 முறை கேட்டால் அது ஓர் அலகு. ஆகவே இன்றைய பாடல் ஒன்று 10 லட்சம் அலகை எட்டியிருக்கலாம், காசு கொடுத்து வாங்கியவர்கள் அதில் சிறு பகுதியாக இருக்கலாம். ‘விற்றது’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘அலகுகளுக்காகச் சான்றளிக்கப்பட்டது’ என்று எழுதுங்கள். பிரிட்டனில் பிளாட்டினம் என்பது 6 லட்சம் அலகுகள். இரண்டு நாட்டு பிளாட்டினத்தையும் ஒரே எடையாகக் காட்டும் வாக்கியம் இருந்தால் அதையும் கவனியுங்கள்.

அடுத்தது தேதிகள். அமெரிக்காவின் பாடல் தரவரிசையான பில்போர்டு ஹாட் 100 பட்டியல் 1958 ஆகஸ்ட் 4 முதல் வாராவாரம் வருகிறது. இப்போதெல்லாம் ஒரு பட்டியலின் மேல் போட்டிருக்கும் தேதி, அது வெளியாகும் நாளுக்குப் பிந்தைய ஒரு சனிக்கிழமை. அதனால் ‘இந்தத் தேதியன்று முதலிடத்துக்கு வந்தது’ என்று எழுதினால் பிசகும். ‘இந்தத் தேதியிட்ட பட்டியலில்’ என்று எழுதுவது சரி. வெளியீட்டுத் தேதியிலும் இதே போல் ஒரு குழப்பம் உண்டு. பாடல் ஆல்பத்தோடு ஒரு நாளில் வந்திருக்கும், நாலு மாதம் கழித்து சிங்கிளாக, அதாவது தனிப்பாடலாக, வானொலிகளுக்கு அனுப்பப்பட்டிருக்கும். சிங்கிளைப் பற்றிய கட்டுரையின் தகவற்சட்டத்தில் (முக்கியத் தகவல்களைத் தொகுத்துக் காட்டும் ஓரப் பெட்டியில்) எந்தத் தேதி இருக்கிறது, அதற்குச் சான்று எந்த நிகழ்வைச் சொல்கிறது என்று பார்த்துவிடுங்கள். உங்கள் 31-இல் குறைந்தது மூன்று குறைகள் இந்த இரண்டு பத்திகளுக்குள் வந்துவிடும் என்று நினைக்கிறேன்.

மதிப்பாய்வாளர் சொன்ன எல்லாவற்றையும் ஏற்க வேண்டும் என்று இல்லை. ஏற்காததற்குக் கீழே காரணத்தை இரண்டு வரியில் எழுதுங்கள். அவர் சொல்வது விதியா, அவருடைய ரசனையா என்று கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. ஏழு நாள் என்பது வழக்கம்தான். தேர்வு இருந்தால் சொல்லி, இன்னும் ஒரு வாரம் கேளுங்கள். வேலை நடக்கிறது என்று தெரிந்தால் பெரும்பாலானவர்கள் கொடுத்துவிடுவார்கள்.

கேள்வி: ‘விமர்சகர்களின் வரவேற்பு’ என்ற பகுதியில் 12 விமர்சகர்களின் மேற்கோள்களைக் கொடுத்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் சான்று இருக்கிறது. ஆனாலும் ‘படிக்க முடியவில்லை’ என்கிறார் மதிப்பாய்வாளர். ஏன்?

பதில்: ‘இந்தப் பத்திரிகையின் இன்னார் இப்படிச் சொன்னார், அந்தப் பத்திரிகையின் இன்னார் அப்படிச் சொன்னார்’ என்று 12 முறை வந்திருக்கும். சான்று சரியாக இருந்தும் வாசகர் மூன்றாவது பெயரிலேயே நகர்ந்துவிடுவார். எனக்கு மிகவும் பிடித்த வேலை இந்தப் பகுதியைத் திருத்துவதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

12 விமர்சனங்களையும் முழுதாகப் படியுங்கள். மேற்கோள் காட்டிய வரியை மட்டும் படித்தால் போதாது. ஒவ்வொருவரும் எதைப் பற்றிப் பேசுகிறார் என்று ஒரு தாளில் குறியுங்கள்: குரல், தாளக்கட்டு, வரிகள், தயாரிப்பு, பாடகரின் முந்தைய பாடல்களோடு ஒப்பீடு. அப்புறம் பார்த்தால் ஐந்து பேர் தாளக்கட்டைப் பற்றியும் நாலு பேர் குரலைப் பற்றியும் பேசியிருப்பார்கள். இரண்டு பேர் வரிகள் சாதாரணம் என்று குறைப்பட்டிருப்பார்கள். ஒருவர் சொல்வது எதிலும் சேராது. பத்தியை அந்தக் கருத்துகளின் வரிசையில் எழுதுங்கள். தாளக்கட்டைப் பற்றி ஐந்து பேர் சொன்னதை உங்கள் சொற்களில் ஒரு வாக்கியமாக்கி, அதில் யாருடைய சொல்லாட்சி கூர்மையாக இருக்கிறதோ அவருடையதை மட்டும் மேற்கோளாக விடுங்கள். குரலில் இருவர் முரண்பட்டால் அந்த முரணை அடுத்தடுத்து வையுங்கள். படிக்கிறவருக்கு அங்கேதான் சுவாரசியம்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. ‘பெரும்பாலான விமர்சகர்கள் பாராட்டினார்கள்’ என்று தொடக்க வாக்கியம் போடக் கை துறுதுறுக்கும். நீங்கள் 12 பேரைத்தான் படித்திருக்கிறீர்கள், அந்த 12 பேரும் நீங்களே தேடிப் பிடித்தவர்கள். ‘பெரும்பாலான’ என்று வேறொரு நம்பகமான சான்று சொன்னால் ஒழிய அதை எழுத வேண்டாம். குறை சொன்ன இருவரைக் கட்டுரையின் ஓரத்துக்குத் தள்ளவும் வேண்டாம். பிடித்த பாடலாக இருக்கும்போது இது கஷ்டம், எனக்குத் தெரியும்.

இன்னொன்று. மேற்கோள்கள் நீளமாகக் குவிந்தால், நகலெடுத்த பகுதிகளைக் கண்டறியும் கருவியில் சதவீதம் ஏறிக் காட்டும். அந்த எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், ஆனால் எந்த வரிகள் ஒத்துப்போகின்றன என்று பாருங்கள். மேற்கோள் குறிக்குள் இருப்பது ஒரு விஷயம். குறி இல்லாமல், இரண்டு சொற்களை மட்டும் மாற்றி வைத்தது வேறு விஷயம். இரண்டாவது வகை ஒன்று இருந்தாலும் நான் மதிப்பாய்வை அங்கேயே நிறுத்தி, முதலில் அதைச் சரிசெய்யச் சொல்வேன்.

கேள்வி: முறையாக இசை படித்தவன் நான். ஒரு பாடல் எந்தச் சுருதியில், எந்த வேகத்தில் இருக்கிறது என்று கேட்டே சொல்வேன். அதைக் கட்டுரையில் எழுதினால் நீக்கிவிடுகிறார்கள். என் காதை நம்ப மாட்டார்களா?

பதில்: உங்கள் காது சரியாகவே இருக்கும். ஆனால் படிக்கிறவரால் அதைத் திறந்து பார்க்க முடியாதே. கட்டுரையில் உள்ள ஒவ்வொரு செய்தியையும் ஒரு அந்நியர் சரிபார்க்க முடிய வேண்டும் என்பதுதான் அடிப்படை. எழுதுபவரின் சொந்த ஆய்வுக்கு அங்கே இடமில்லை.

அதிகாரப்பூர்வமாக அச்சிட்டு விற்கப்படும் இசைக்குறிப்புத் தாள்களைச் சான்றாகக் காட்டலாம். ஆனால் அவை பியானோ பழகுபவருக்காக எளிமையாக்கப்பட்டவையாகவும் சுருதி மாற்றப்பட்டவையாகவும் இருக்கலாம். அதனால் ‘வெளியிடப்பட்ட இசைக்குறிப்பின்படி’ என்று தொடங்கி எழுதுங்கள். உங்கள் காது அங்கேதான் உதவும்: குறிப்புத் தாளும் ஒலிப்பதிவும் ஒத்துப்போகவில்லை என்று பட்டால், அந்த வரியையே விட்டுவிடலாம் என்று பேச்சுப் பக்கத்தில் (கட்டுரையைப் பற்றித் திருத்துபவர்கள் கலந்து பேசும் பக்கத்தில்) எழுதுங்கள். தவறான செய்தியைச் சேர்க்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

கேள்வி: பாடல் வரிகள் முழுவதையும் கட்டுரையில் போடலாமா? ஒலித்துண்டு?

பதில்: வரிகள் கூடாது. காப்புரிமை உள்ளவை. விளக்கத்துக்குத் தேவையான ஒன்றிரண்டு வரிகள் போதும். ஒலித்துண்டுக்கு ஆங்கில விக்கிப்பீடியாவில் கணக்கு உண்டு: 30 வினாடி அல்லது பாடலின் நீளத்தில் பத்தில் ஒரு பங்கு, இரண்டில் எது குறைவோ அது. 3 நிமிடம் 20 வினாடி ஓடும் பாடல் என்றால் 20 வினாடி. தரத்தையும் குறைத்துத்தான் ஏற்ற வேண்டும். முக்கியமாக, அந்த 20 வினாடியில் என்ன கேட்கிறது என்பதைப் பற்றிக் கட்டுரையில் சான்றோடு பேசியிருக்க வேண்டும். பல்லவி இனிமையாக இருக்கிறது என்பதற்காகத் துண்டு போட முடியாது. விமர்சகர்கள் குறிப்பிட்ட அந்த வாத்திய மாற்றம் எங்கே வருகிறதோ அங்கிருந்து வெட்டுங்கள்.

கேள்வி: பாடலின் இசை வகையை வாரத்துக்கு மூன்று முறை யாராவது மாற்றிவிடுகிறார்கள். எப்படி நிறுத்துவது?

பதில்: முழுதாக நிறுத்த முடியாது. கட்டுரையின் உள்ளே, இந்தப் பாடல் இந்த வகை என்று நேரடியாகச் சொல்லும் சான்றோடு ஒரு வாக்கியம் இருக்கட்டும். பாடகரையோ ஆல்பத்தையோ பற்றிய சான்று இதற்குச் செல்லாது. தகவற்சட்டத்தில் அதை மட்டும் வையுங்கள். மாற்றுபவரிடம் பேச்சுப் பக்கத்தில் ஒருமுறை மரியாதையாகச் சான்று கேளுங்கள். மாற்றி மாற்றிப் பழையபடி ஆக்கிக்கொண்டே இருந்தால் உங்கள் கணக்கையும் சேர்த்துத் தடை செய்துவிடுவார்கள்.

கேள்வி: நானும் மதிப்பாய்வு செய்யலாமா? தகுதித் தேர்வு ஏதும் உண்டா?

பதில்: தேர்வு இல்லை. கணக்கு இருக்க வேண்டும், அந்தக் கட்டுரையை நீங்கள் பெரிய அளவில் எழுதியிருக்கக் கூடாது. நன்றாக எழுதப்பட்டிருக்கிறதா, சரிபார்க்க முடிகிறதா, விஷயத்தின் முக்கியப் பகுதிகள் எல்லாம் உள்ளனவா, நடுநிலையா, அன்றாடம் சண்டையில் மாறிக்கொண்டிருக்காமல் நிலையாக இருக்கிறதா, படங்களும் ஒலியும் உரிமத்தோடு உள்ளனவா என்று ஆறு அளவுகோல்கள். முதல் மதிப்பாய்வுக்குச் சிறிய கட்டுரையை எடுங்கள்.

என் பழக்கத்தைச் சொல்கிறேன். முதலில் பாடலைக் கேட்க மாட்டேன். கட்டுரையைப் படித்து முடித்த பிறகுதான் கேட்பேன். பாடலைக் கேட்காதவருக்கும் கட்டுரை புரிகிறதா என்று தெரிய அதுதான் வழி. அடுத்து, சான்றுகளில் பத்தையாவது எண்களைக் குறித்துக்கொண்டு திறப்பேன். எண், தேதி, ‘முதன்முறையாக’ என்ற சொல், இவை வரும் இடங்களை விடுவதே இல்லை. யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இசைத் தரவுத்தளங்கள் சான்றாக இருந்தால் மாற்றச் சொல்வேன்.

குறை எழுதும்போது ‘வாக்கியம் சரியில்லை’ என்று விடாமல், எந்த வாக்கியம், ஏன், எப்படி மாற்றலாம் என்று மூன்றையும் எழுதுங்கள். எழுத்துப்பிழை, ஒற்றுப்பிழை போன்றவற்றை நீங்களே திருத்திவிடுங்கள், பட்டியலில் ஏற்ற வேண்டாம். அந்த மாணவி கணினியை மூடியதற்கு, அற்பக் குறைகளும் பெரிய குறைகளும் ஒரே வரிசையில் கலந்து வந்தது ஒரு காரணமாக இருக்கலாம். பெரியவற்றைத் தனியே மேலே வைத்திருந்தால் அவர் மாலையிலேயே வேலையைத் தொடங்கியிருப்பார்.

கேள்வி: என்னிடம் 1970கள், 80களில் வந்த இசைப் பத்திரிகைகள் இரண்டு பெட்டி நிறைய இருக்கின்றன. இணையத்தில் எல்லாம் கிடைக்கிறதே, போட்டுவிடலாம் என்கிறார்கள் பிள்ளைகள். இவற்றால் இனி யாருக்காவது பயன் உண்டா? – பணி ஓய்வு பெற்ற வாசகர்

பதில்: ஐயா, தயவுசெய்து போட்டுவிடாதீர்கள். இணையத்தில் எல்லாம் கிடைக்காது. இருக்கும் இணைப்புகளும் அறுந்துபோகின்றன, இணையக் காப்பகத்தில் சேமித்த பிரதி இருந்தால்தான் தப்பிக்கிறோம். விக்கிப்பீடியாவில் சான்று இணையத்தில்தான் இருக்க வேண்டும் என்று விதி கிடையாது. அச்சில் வந்த நம்பகமான இதழ் தாராளமாகச் செல்லும். அந்தக் காலப் பாடல்களின் கட்டுரைகள் பல அரைப்பக்கத்தில் நிற்கக் காரணமே, அன்று வந்த விமர்சனத்தைக் கையில் வைத்திருப்பவர் யாரும் எழுத முன்வராததுதான்.

ஒரு பாடலைத் தேர்ந்தெடுங்கள். அதைப் பற்றி உங்கள் பெட்டியில் என்ன இருக்கிறது என்று தேடுங்கள். எழுதியவர் பெயர், கட்டுரைத் தலைப்பு, இதழின் பெயர், தேதி, பக்க எண் ஆகிய ஐந்தையும் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு, கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில் அறிவியுங்கள். திருத்தத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அதைப் பார்த்து யாராவது வந்து கேட்பார்கள். பக்கங்களைப் படமெடுத்துப் பொதுவில் ஏற்ற வேண்டாம், அதில் காப்புரிமைச் சிக்கல் வரும். கிழிந்த இதழ்களை வெட்டித் தனித்தனித் தாளாக வைக்கும் எண்ணம் இருந்தால் அட்டையையும் கூடவே வையுங்கள். பல இதழ்களில் தேதி அங்கே மட்டும்தான் இருக்கும்.