போலியோவை ஒழிச்ச நாம தட்டம்மைய ஏன் இன்னும் ஒழிக்கல?

2014லயே போலியோ இல்லாத நாடுன்னு சான்றிதழ் வாங்கிட்டோம், அப்ப தட்டம்மை மட்டும் ஏன் போகலன்னு கேட்டிருக்கீங்க. 2023க்குள்ள ஒழிக்கணும்னு வச்ச இலக்கு தவறி இப்ப 2026னு நிக்குது. என் அக்கா கோத்தகிரி பக்கம் கிராம சுகாதார நர்ஸ், அவ வேலைய கிட்ட இருந்து பாக்கறதுல எனக்குப் பட்டதைச் சொல்றேன்.

பிள்ளைக்குக் காலு துவண்டா பெத்தவங்க பதறிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவாங்க, அதனால போலியோ கணக்குல வந்துடும். மணல்வாரி, அதாவது தட்டம்மை போட்டா யாரும் ஓட மாட்டாங்க. வாசல்ல வேப்பிலை சொருகி, தாளிக்காம சமைச்சு, தண்ணி ஊத்தற வரைக்கும் வெளிய மூச்சு விட மாட்டாங்க. பக்தியைத் தப்பு சொல்லல, எங்க வீட்லயும் அப்படித்தான். ஆனா தடிப்பு வர்றதுக்கு நாலு நாள் முன்னாடியே பரவ ஆரம்பிச்சிடும், வந்தப்புறமும் நாலு நாள் பரவும், காத்துலயே ரெண்டு மணி நேரம் வரை கிருமி நிக்கும், குளிருக்கு ஜன்னலச் சாத்தி வச்ச எஸ்டேட் லைன் வீட்ல என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. அக்காவுக்குச் சேதி வர்றப்ப பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் காய்ச்சல்.

கேஸே வரலன்னு மட்டும் சொல்லி ஒழிச்சாச்சுன்னு அறிவிக்க முடியாது, தேடியும் இல்லைன்னு காட்டணும். காய்ச்சலோட தடிப்பு வந்தவங்க ரத்தத்தை டெஸ்ட் பண்ணி, தட்டம்மையும் இல்ல, அதே மாதிரி தடிப்பு வர்ற ரூபெல்லாவும் இல்லன்னு தள்ளின கேஸே வருஷத்துக்கு லட்சம் பேருக்குக் குறைஞ்சது ரெண்டு இருக்கணும். ஏழு லட்சத்துக்கு மேல ஜனம் இருக்கற நீலகிரிக்கு 14 பேராவது வரணும். அதுவும் ஜீரோன்னா யாரும் சரியாத் தேடலன்னுதான் அர்த்தம்.

ஊசியும் பிரச்சனைதான். நூத்துக்கு 95 பிள்ளைக்கு ரெண்டு டோஸும் போய்ச் சேரணும். 9 மாசத்து ஊசிக்கு வந்துடறாங்க, 16 மாசத்துக்கு மேல போடற ரெண்டாவதுதான் விட்டுப்போகுது. ஜார்கண்ட், அசாம்ல இருந்து வேலைக்கு வந்த குடும்பம்னா அதுக்குள்ள வேற எஸ்டேட் மாறியிருக்கும், கார்டு இருக்காது, பாஷையும் புரியாது.

தண்ணி ஊத்திட்டாலும் பரவால்ல, நர்ஸம்மாகிட்ட சொல்லிடுங்க, தடிப்பு வந்து 28 நாளுக்குள்ள எடுத்த ரத்தத்துல கண்டுபிடிச்சிடலாம். முன்னாடியே சொன்னா இன்னும் நல்லது, குழந்தைக்கு அடுத்தடுத்து ரெண்டு நாள் விட்டமின் ஏ குடுப்பாங்க, கண்ணு கெட்டுப்போகாம இருக்க அது ரொம்ப முக்கியம்.