முந்திரித் தோப்பை விற்காதீர்கள், மகளின் கையைப் பாருங்கள்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான்கு பக்கக் கடிதத்தில் உங்கள் மகளைவிட அவளுடைய பெரியப்பாதான் அதிகம் பேசுகிறார். சென்னையில் ஒரு தனியார் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் கணினி அறிவியல் இடம் பேசி வைத்திருக்கிறாராம். பண்ருட்டிப் பக்கம் உங்கள் பங்குக்கு வந்த முந்திரித் தோப்பை விற்றால் முதல் இரண்டு ஆண்டுச் செலவு தேறிவிடும், மீதிக்குக் கல்விக் கடன் என்று கணக்கும் போட்டுக் கொடுத்திருக்கிறார். மகளைப் பற்றி முக்கியமாக மூன்றே செய்திகள்: அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள், இயற்பியலில் நல்ல மதிப்பெண், விடுமுறை விட்டால் அப்பாவோடு கேபிள் வேலைக்குக் கிளம்பிவிடுகிறாள். "அதுதான் எங்களுக்குக் கவலை" என்று முடித்திருக்கிறீர்கள்.

கவலைப்படாதீர்கள், எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று நாலு வரி எழுதி அனுப்பத்தான் உட்கார்ந்தேன். தோப்பு என்ற இடத்துக்கு வந்ததும் அந்த எண்ணம் போய்விட்டது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது சாய்ந்த மரங்களுக்குப் பதிலாக உங்கள் மாமனார் வைத்த கன்றுகள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவை இப்போதுதான் முழுக் காய்ப்பில் இருக்கும். அந்த நிலத்தை விற்று ஒரு இடம் வாங்குவதற்கு என் சம்மதம் கிடைக்காது. பெரியப்பா நேரில் வந்து கேட்டாலும் இதையே சொல்வேன்.

பணத்தை முதலில் பேசிவிடுவோம். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் 2021 முதல் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது. அதில் சேரும் பிள்ளையின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் தனி. நிர்வாக ஒதுக்கீட்டில் கையெழுத்துப் போட்ட நிமிடமே அந்த 7.5 விழுக்காட்டுச் சலுகை கைவிட்டுப் போகும். சும்மா கிடைக்கிற ஒன்றை உதறிவிட்டு, தோப்பைக் கொடுத்து இன்னொன்றை வாங்கச் சொல்கிறார் பெரியப்பா. கல்விக் கடனில் 4 லட்சம் வரை பிணை கேட்பதில்லை என்பதால் அது பாரமில்லை என்று அவருக்குத் தோன்றுகிறது போலும். தவணைதான் படிப்பு முடிந்த பிறகு தொடங்கும். வட்டி முதல் நாளிலிருந்தே ஏறும். அதை அடைக்கப்போவது உங்கள் மகள்.

மருத்துவம், கணினி, வங்கித் தேர்வு பற்றி நான் எதுவும் எழுதப்போவதில்லை. அவற்றைச் சொல்ல உங்கள் தெருவிலேயே பத்துப் பேர் இருப்பார்கள். நீங்கள் கவலை என்று எழுதிய அந்த கேபிள் வேலைக்கு வருகிறேன்.

2024 டிசம்பர் வெள்ளத்தில் தென்பெண்ணைக் கரையோரம் அறுந்துபோன ஃபைபர் கேபிள்களை உங்கள் கணவர் சரிசெய்தபோது, ஸ்பிளைசிங் மெஷினில் இழைகளை ஒட்டியது பெரும்பாலும் மகள்தான் என்று ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். முடியளவு கண்ணாடி இழையின் மேலுறையை உரித்து, துடைத்து, நேராக வெட்டி, இழப்பில்லாமல் இணைப்பது லேசான காரியமில்லை. இழையில் கோளாறு எங்கே என்று காட்டும் ஓ.டி.டி.ஆர். கருவியின் வரைபடத்தையும் அவளே படித்துச் சொல்கிறாள் என்றால் ஒரு அரிய தொழிலின் பாதியை அவள் ஏற்கெனவே கற்றுவிட்டாள்.

மறுபாதி கட்டடத்தில் இருக்கிறது. ஓ.டி.டி.ஆர். ஓர் ஒளித் துடிப்பை இழைக்குள் அனுப்புகிறது. கண்ணாடியின் ஒவ்வொரு இடத்திலிருந்தும் அதில் ஒரு துளி சிதறித் திரும்பி வருகிறது. கண்ணாடிக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுவதால், திரும்ப எடுத்த நேரத்தை வைத்து எத்தனை மீட்டரில் கோளாறு என்று உங்கள் கணவர் சொல்லிவிடுகிறார். அதே இழையைப் பாலத்தின் அடியிலோ சுரங்கப்பாதையின் சுவரிலோ ஒட்டி, திரும்பும் ஒளியின் அளவைப் பார்ப்பதற்குப் பதிலாக அதன் அதிர்வெண்ணைப் பார்த்தால், கட்டடம் எந்த மீட்டரில் எவ்வளவு இழுபடுகிறது என்று தெரியும். பதினோராம் வகுப்பு இயற்பியலில் தகைவு, திரிபு என்று படித்திருப்பாளே, அந்தத் திரிபைத்தான் இப்படி அளக்கிறார்கள். முழு இழையும் அளவுகோலாகிவிடுகிறது. ஒரு கருவி, ஒரு இழை, ஆயிரக்கணக்கான அளவுப் புள்ளிகள்.

இதை மகளிடம் காட்டுங்கள், அவளுக்குப் புரியும். சிதறும் ஒளியில் பிரில்லூவான் சிதறல் என்று ஒன்று உண்டு; பிரெஞ்சு இயற்பியலாளர் லியோன் பிரில்லூவான் 1922இல் கணித்துச் சொன்னது. 1550 நானோமீட்டர் ஒளியை அனுப்பினால் அதன் அதிர்வெண் சுமார் 11 கிகாஹெர்ட்ஸ் தள்ளித் திரும்புகிறது. இழையை இழுத்தால் அந்தத் தள்ளல் மாறுகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 1989இல் காட்டினார்கள். 100 மைக்ரோஸ்ட்ரெயினுக்கு ஏறத்தாழ 5 மெகாஹெர்ட்ஸ். மைக்ரோஸ்ட்ரெயின் என்பது திரிபை அளக்கும் அளவு; ஒரு மைக்ரோஸ்ட்ரெயின் என்றால் ஒரு கிலோமீட்டர் நீளப் பொருள் ஒரு மில்லிமீட்டர் நீள்வது. கான்கிரீட் இழுவிசையில் சுமார் 100 முதல் 150 மைக்ரோஸ்ட்ரெயினிலேயே விரிசல் விடத் தொடங்கும். கண்ணுக்குத் தெரியும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் இவ்வளவு நுட்பமாகத்தான் அளக்க வேண்டும்.

இந்த முறையில் பல்லாயிரம் மீட்டர் நீளத்தை அளக்கலாம், ஆனால் அரை மீட்டர், ஒரு மீட்டர் துண்டுகளாகத்தான் தெரியும். மயிரிழை விரிசல் அந்தச் சராசரியில் கரைந்துவிடக்கூடும். ராலே சிதறல் என்ற இன்னொரு வகைச் சிதறலை வைத்து அளக்கும் வேறொரு வகைக் கருவி மில்லிமீட்டர் கணக்கில் காட்டும், ஆனால் சில பத்து மீட்டரோடு நின்றுவிடும். திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் 1928இல் கண்டறிந்த சிதறலுக்கும் இங்கே வேலை இருக்கிறது. அது திரிபைச் சொல்லாது, வெப்பநிலையை மட்டும் சொல்லும். அணைக்கரையில் எங்கே நீர் கசிகிறது என்று தேட அதைப் பயன்படுத்துகிறார்கள்.

இனித்தான் உங்கள் மகளுக்கான இடம் வருகிறது. உங்கள் கணவர் புதைக்கும் கேபிளில் இழை ஜெல் நிறைந்த குழாய்க்குள் தளர்வாகக் கிடக்கிறது. கேபிளை இழுத்தாலும் இழைக்கு வலிக்கக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். திரிபை அளக்க இது உதவாது. உறையோடு இறுகப் பிடித்த இழை வேண்டும், அந்த உறையும் கான்கிரீட்டோடு நழுவாமல் ஒட்ட வேண்டும். அஸ்திவாரத் தூண் ஒன்றில் பதிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கம்பிக் கூட்டின் ஒரு பக்கமாகக் கீழே இறக்கி, அடியில் வளைத்து, மறுபக்கமாக மேலே கொண்டுவருவார்கள். அமுக்கத்தையும் அளக்க வேண்டுமானால் இழையைக் கொஞ்சம் முன்கூட்டியே இழுத்துக் கட்ட வேண்டும். கூட்டைக் குழிக்குள் இறக்கும்போதும் கான்கிரீட் ஊற்றும்போதும் அது பிழைக்க வேண்டும். எல்லாம் முடிந்த பின், தூணின் தலையை உடைத்துச் சமப்படுத்த வரும் ஆள் ஒரே அடியில் கேபிளை நறுக்கிவிடுவார்! மேலே வெளிவரும் அந்த ஓர் அடி நீளத்தில்தான் பல அளவீடுகள் செத்துப்போகின்றன. சேற்றில் உட்கார்ந்து அதை மறுபடி ஒட்டத் தெரிந்த சிவில் பொறியாளர் எத்தனை பேர் இருப்பார்கள்?

ஒட்டத் தெரிந்தால் மட்டும் போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெயில் ஏறினாலும் அதே அதிர்வெண் மாறும். ஒரு டிகிரி வெப்பம் ஏறக்குறைய 20 மைக்ரோஸ்ட்ரெயின் போல வேடம் போடும். காலையிலிருந்து நண்பகலுக்குள் பத்து டிகிரி ஏறினால் 200 காட்டும். விரிசல் விடும் அளவைவிட அது பெரியது. அதனால் பக்கத்திலேயே தளர்வான இழை ஒன்றை ஓடவிட்டு வெப்பத்தை மட்டும் தனியே அளந்து கழிக்கிறார்கள். அதற்கும் மேலே கான்கிரீட் தானாகச் சுருங்குவது, பாரத்தில் மெல்லத் தளர்வது என்று கணக்குகள் இருக்கின்றன. தூணில் ஆழம் போகப் போகத் திரிபு எப்படிக் குறைகிறது என்று பார்த்தால் எந்த மண் அடுக்கு எவ்வளவு பாரத்தை வாங்கிக்கொள்கிறது என்று சொல்லலாம். மணலும் களியும் அடுக்கடுக்காக வரும் நம் கடலோரத்தில் அந்தத் தகவலுக்கு மதிப்பு உண்டு. ஆனால் அதைச் சொல்ல மண்ணியக்கவியலும் கட்டமைப்புப் பகுப்பாய்வும் படித்திருக்க வேண்டும். ஃபைபர்காரருக்குக் கான்கிரீட் தெரியாது, கான்கிரீட்காரருக்கு ஃபைபர் தெரியாது. இந்தத் துறையில் ஆள் பஞ்சம் இருப்பது இந்த இடைவெளியில்தான்.

ஆகவே என் யோசனை சிவில் பொறியியல். பெரியப்பா முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். கலந்தாய்வில் கிடைக்கிற நல்ல அரசுக் கல்லூரியில், அல்லது அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரியில் எடுங்கள். உங்கள் மாவட்டத்திலேயே சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சிவில், கட்டமைப்புப் பொறியியலுக்குத் தனித் துறை இருக்கிறது. இழை வழித் திரிபளவீடு என்ற பெயரில் இளநிலைப் பட்டம் கிடையாது. யாராவது அப்படிச் சான்றிதழ் விற்றால் வாங்காதீர்கள். நான்கு ஆண்டுகளில் கட்டமைப்பையும் மண்ணையும் ஒழுங்காகப் படிக்கட்டும். ஒளியிழை பற்றி ஐ.ஐ.டி.கள் இணையத்தில் நடத்தும் என்.பி.டி.இ.எல். வகுப்புகள் இலவசமாக இருக்கின்றன, தேர்வு எழுதினால்தான் கட்டணம். பைத்தான் என்ற கணினி மொழியில் ஓர் அளவீட்டுக் கோப்பைத் திறந்து வரைபடம் போடும் அளவுக்குக் கற்றுக்கொள்ளட்டும். கல்லூரியில் இழைத் திரிபுமானி இருக்காது, அதன் விலை பல லட்சம். பரவாயில்லை, ஒரு கம்பியில் சாதாரண மின் திரிபுமானியை ஒட்டி அளந்து பழகட்டும். ஒட்டுவதில் வரும் பிழைகள் இரண்டிலும் ஒன்றுதான். மூன்றாம் ஆண்டு விடுமுறையில் தரமணியில் உள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையத்துக்கு மாணவர் பயிற்சி கேட்டு விண்ணப்பிக்கலாம். பிறகு பொறியியல் முதுநிலைப் படிப்புக்கான கேட் தேர்வு. ஐ.ஐ.டி.யிலோ என்.ஐ.டி.யிலோ அதன் வழியாக எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யில் ஒளியிழை உணரிகளில் ஆய்வு நடக்கிறது. நடுவில் அவள் மனம் முழுக்க இயற்பியல் பக்கம் சாய்ந்தால் முதுநிலையில் மாற்றிக்கொள்ளலாமா என்று அப்போது பேசுவோம்.

வேலை எங்கே என்பீர்கள். சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்தில் 118.9 கிலோமீட்டர், அதில் 40 கிலோமீட்டருக்கு மேல் நிலத்தடி. சுரங்கம் தோண்டும் இடத்தில் கண்காணிப்புக் குழு இல்லாமல் முடியாது. அணைகளில் அளவீட்டுக் கருவிகள் இருக்க வேண்டும் என்று 2021இன் அணைப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. வீராணத்திலிருந்து சென்னைக்கு நீர் கொண்டுபோகும் நெடுங்குழாய், நெய்வேலியின் சுரங்கச் சரிவுகள் என்று உங்கள் மாவட்டத்திலேயே நீண்டு கிடப்பவை எத்தனை! நீளமானவற்றுக்குத்தான் இந்த முறை பொருந்தும். 2014 நவம்பர் மழையில் புதுச்சேரிக் கடற்கரையில் பழைய நகராட்சிக் கட்டடமான மேரி கட்டடம் இடிந்து விழுந்ததை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். பழைய கட்டடங்களை யாரோ ஒருவர் தொடர்ந்து அளந்துகொண்டிருக்க வேண்டும் என்று அதன் பிறகாவது நமக்குத் தோன்ற வேண்டாமா?

ஒன்றை மறைக்க மாட்டேன். இன்று இந்தியக் கட்டுமானத் தளங்களில் இழுத்துக் கட்டிய கம்பியின் அதிர்வை வைத்துத் திரிபை அளக்கும் அதிர்கம்பி வகைக் கருவிகள்தான் பெரும்பாலும் பொருத்தப்படுகின்றன. ஒளியிழையின் பங்கு சிறியது. அவள் இரண்டையும் கற்க வேண்டும். முதல் சம்பளம் கணினி நிறுவனத்தில் இருக்கும் அத்தை மகனுடையதைவிடக் குறைவாகவே இருக்கும். வெயில், சேறு, இரவு வேலை எல்லாம் உண்டு. பெண் பிள்ளை சைட்டில் எப்படி நிற்பாள் என்று உறவினர் கேட்கிறார்களாம். வெள்ளம் வடியாத கரையில் நின்று இழை ஒட்டியபோது எந்த உறவினர் குடை பிடித்தார்? தங்குமிடம், போக்குவரத்து, கழிப்பறை வசதி பற்றி நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்பது நியாயம், கட்டாயம் கேளுங்கள். ஆனால் வேலையே வேண்டாம் என்பதற்கு அதைக் காரணமாக்காதீர்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகும் அவள் "எனக்குக் கணினிதான் வேண்டும்" என்றால், கலந்தாய்வில் கிடைக்கிற கல்லூரியில் கணினி எடுக்கட்டும். நான் மறுக்க மாட்டேன். அப்போதும் தோப்பு விற்பனைக்கு இல்லை. அந்தப் பதில் அவள் வாயிலிருந்து வர வேண்டும், பெரியப்பா இல்லாத அறையில். உங்கள் கடிதத்தில் அவளிடம் கேட்டதாக ஓரிடத்திலும் இல்லை.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. எட்டாம் வகுப்பில் பள்ளி மாறினாள் என்று எழுதியிருக்கிறீர்கள். 7.5 விழுக்காட்டுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்ததற்கான சான்று வேண்டும் என்பதால் இரண்டு பள்ளிகளின் தலைமையாசிரியர்களிடமும் தனித்தனியே வாங்குங்கள். பழைய பள்ளியில் பதிவேடு தேட நாளாகும், திங்கட்கிழமையே போய்விடுங்கள். இந்த ஆண்டுக் கலந்தாய்வு அறிவிப்பையும் ஒருமுறை படித்து விதிகளைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அட்வான்ஸ் கேட்டு அந்தக் கல்லூரியிலிருந்து யாராவது பேசினால் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.